அஞ்சறைப் பெட்டியில் ஓர் அறிவியல் பாடம்

சென்ற மாதம் என் மகள் துணைப்பாட நிலையத்திலிருந்து கொண்டுவந்த பயிற்சித்தாளில் நான்கு படங்கள் இருந்தன: வௌவால், மைனா, பருந்து, நெருப்புக்கோழி. இவற்றுள் சேராதது எது என்பது கேள்வி. அவள் நெருப்புக்கோழியைச் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் பென்சிலால் 'பறக்காது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. வௌவால் பாலூட்டி, மற்ற மூன்றும் பறவைகள், ஆகவே வௌவால்தான் விடை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று அந்தத் தாள் எங்கும் சொல்லவில்லை. அவள் தானாகவே ஓர் அளவுகோலைத் தேர்ந்து, நான்கு உயிர்களுக்கும் அதைச் சரியாகப் பொருத்திப் பார்த்து, காரணத்தையும் எழுதியிருக்கிறாள். வகைப்படுத்துதல் என்ற பாடத்தில் ஒரு குழந்தை செய்ய வேண்டிய வேலை முழுவதையும் செய்து முடித்த பிறகு அவளுக்குக் கிடைத்தது பெருக்கல் குறி என்பது என்னை இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

சிங்கப்பூரில் அறிவியல் தொடக்கநிலை 3-இல்தான் தனிப் பாடமாகத் தொடங்குகிறது. உயிருள்ளவை, உயிரற்றவை என்று ஆரம்பித்து, விலங்குகளைப் பாலூட்டி, பறவை, மீன், ஊர்வன, நீர்நில வாழ்வன, பூச்சி என்றும், தாவரங்களைப் பூப்பவை, பூக்காதவை என்றும் பிரித்துக்காட்டி, பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் தொட்டுச் செல்கிறது அந்தப் பகுதி. பாடத்திட்டத்தில் குறை காண நான் வரவில்லை. கூர்ந்து பார், ஒப்பிடு, காரணம் சொல் என்றுதான் அதுவும் கேட்கிறது. வழியில் எங்கோ அது பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. 'முடி உண்டு, குட்டி போடும், பால் கொடுக்கும்: பாலூட்டி' என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் குழந்தைக்கு, ஏன் முடியையும் பாலையும் பார்க்கிறோம், ஏன் நிறத்தையோ உருவத்தின் பருமனையோ பார்ப்பதில்லை என்று யாரும் சொல்லியிருப்பதில்லை. நான் ஆசிரியை இல்லை. ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். எந்தச் செலவு எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று நாள் முழுவதும் பிரித்துக்கொண்டிருப்பதே என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, இந்த 'ஏன்' எனக்குப் பெரிதாகப் பட்டது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. சமையலறையிலிருந்து அஞ்சறைப் பெட்டியையும் அதில் அடங்காத மசாலா டப்பாக்களையும் எடுத்துவந்து, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது எடுத்து வைத்தேன். கடுகு, மிளகு, சீரகம், சோம்பு, ஓமம், மல்லி, வெந்தயம், காய்ந்த மிளகாய், கிராம்பு, பட்டை, பிரிஞ்சி இலை, அன்னாசிப்பூ, கல்பாசி. எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், ஆனால் பிரிப்பதற்கு முன் என்ன கேள்வி கேட்டாய் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

முதலில் நிறத்தை வைத்துப் பிரித்தாள். கடுகும் மிளகும் கிராம்பும் ஒரு குவியலாயின. அடுத்து, பாட்டி எதைத் தாளிக்கிறார், எதை அரைக்கிறார் என்று பிரிக்கத் தொடங்கியபோது என் அம்மா சமையலறையிலிருந்து எழுந்துவந்து, மிளகு இரண்டிலும் வரும், சீரகமும் இரண்டிலும் வரும் என்று திருத்தியதால் அந்த ஆட்டம் பாதியில் கலைந்தது. மூன்றாவதாக, செடியின் எந்தப் பகுதி என்று பார்க்கச் சொன்னேன். பிரிஞ்சி இலையும் பட்டையும் பெயரிலேயே விடையைச் சொல்லிவிட்டன. கிராம்பைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிரித்தபோது அது விரியாத மொட்டு என்று தெரிந்தது. அன்னாசிப்பூவை யோசிக்காமல் 'பூ' என்ற பக்கத்தில் வைத்தாள். ஒரு கையை ஒடித்துப் பார் என்றேன். படகு போன்ற அந்தக் கையின் உள்ளே பளபளவென்று ஒரு பழுப்பு விதை உட்கார்ந்திருந்தது. விதை உள்ளே இருப்பது பூவாகுமா என்று அவளே கேட்டுக்கொண்டு, பெயரைப் பொருட்படுத்தாமல் அதைக் கனி என்ற பக்கத்துக்கு மாற்றினாள்.

கல்பாசிதான் அவளைத் திணறடித்தது. கையில் எடுத்தால் காய்ந்த காகிதம் போல நொறுங்கும் அதற்கு இலை இல்லை, தண்டு இல்லை, வேர் இல்லை. பாசி என்று பெயர் சொன்னாலும், அது ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருடலாக வாழும் லைக்கன் என்று சொன்னேன். எங்கள் புளோக்கின் கீழே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பட்டையில் சாம்பல் பச்சையாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருப்பதும் அந்த இனந்தான். உடனே ஒரு சீட்டில் 'இரண்டு பேர்' என்று எழுதி அந்த டப்பாவில் ஒட்டிவிட்டாள். அம்மா அதைக் கிழிக்கவில்லை, ஆனால் அதன்மேலேயே வாங்கிய விலையைக் குறித்து வைத்திருக்கிறார்.

நான் எதிர்பாராதது நான்காவது சுற்றில் நடந்தது. பூதக்கண்ணாடி வழியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், சீரகம், சோம்பு, ஓமம், மல்லி ஆகிய நான்கையும் தனியாக ஒதுக்கி, 'இதுக்கெல்லாம் கோடு கோடா இருக்கு' என்றாள். உண்மைதான். நீளமான சீரகத்தின் மேலும் உருண்டையான மல்லியின் மேலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மாதிரியான வரிகள் ஓடுகின்றன. தாவரவியலார் இந்த நான்கையும் ஒரே குடும்பமாகத்தான் வைத்திருக்கிறார்கள். கேரட்டும் அந்தக் குடும்பந்தான். நாம் விதை என்று நினைக்கும் இவை உண்மையில் சிறு கனிகள். இவற்றின் பூங்கொத்து குடையை விரித்தது போல, ஒரே புள்ளியிலிருந்து காம்புகள் கிளம்பி மேலே பரந்து நிற்கும். ஊரில் கொல்லையில் மல்லி பூத்து நின்றதை அம்மா நினைவுகூர்ந்து, விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். வரிகளை மட்டும் வைத்துப் பிரித்த குழந்தைக்குப் பூவின் அமைப்பும் சேர்ந்தே கிடைத்துவிட்டது. நிறத்தை வைத்துப் பிரித்தபோது இப்படி எதுவும் கிடைக்கவில்லை. கறுப்பாக இருப்பதால் ஒன்றாகக் கிடந்த கடுகுக்கும் மிளகுக்கும் வேறு எந்த உறவும் இல்லை: கடுகின் சொந்தக்காரர்கள் முள்ளங்கியும் முட்டைக்கோசும், மிளகின் சொந்தம் வெற்றிலை. வெற்றிலையை மெல்லும்போது நாக்கில் ஏறும் காரம் அதனால்தானா என்று அம்மா வியந்தார். மிளகாயோ மிளகின் பெயரைக் காரத்துக்காக வாங்கிக்கொண்டு, கத்தரிக்காய், தக்காளி வீட்டில் பிறந்து, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த பிள்ளை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதைப் பிரித்தாலும் இரண்டாவதாக ஒரு கேள்வி உண்டு: இதைத் தெரிந்துகொண்டதால், பார்க்காமலே வேறு என்ன தெரிந்தது? 'பறக்கும்' என்று ஒன்றைச் சொன்னால், அது பறக்கும் என்பதற்கு மேல் அனேகமாக ஒன்றும் தெரிவதில்லை. வௌவாலும் பறக்கும், ஈசலும் பறக்கும். 'உடலில் முடி இருக்கிறது' என்று சொன்னால், அது தாய்ப்பால் குடித்து வளர்ந்தது, நுரையீரலால் மூச்சு விடுகிறது, தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். நல்ல குழு எது, வெறும் குவியல் எது என்று ஒன்பது வயதுக் குழந்தைக்கு விளக்க இதைவிட எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இட்லிக்கு ஊறப்போடும்போது இதே பாடம் மறுபடியும் வந்தது. ஊறிய முழு உளுந்தை விரலால் நசுக்கினால் தோல் கழன்று இரண்டு பாதிகளாகப் பிரியும். பருப்பு என்று நாம் சொல்வதே அந்தப் பாதியைத்தான். அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைத்து நசுக்கினாலும் இரண்டாகப் பிரியாது, நொறுங்கத்தான் செய்யும். ஒன்று இருவித்திலை, மற்றது ஒருவித்திலை. இரண்டாகப் பிரியும் இனத்தின் இலையில் நரம்புகள் வலை போலப் பின்னியிருக்கும், பிரியாத இனத்தின் இலையில் அவை பக்கம் பக்கமாக நேர்க்கோட்டில் ஓடும், வேர்களும் பூவிதழ்களின் எண்ணிக்கையும்கூடப் பெரும்பாலும் அதற்கேற்ப மாறும் என்று சொன்னேன். அவள் உடனே கறிவேப்பிலையையும் எலுமிச்சைப் புல்லையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அதே வாரம் எங்கள் பேட்டையில் ஒரு தென்னையை வெட்டி, அடிமரத்தை மட்டும் விட்டிருந்தார்கள். வெட்டுமுகத்தில் விளிம்புதான் இரும்பு போல இருந்தது. நடுப்பகுதி மென்மையாக, நார்நாராக, எங்கும் புள்ளிகள் இறைந்து கிடந்தது. சற்றுத் தள்ளி, கத்தரித்துப் போட்ட தூங்குமூஞ்சிக் கிளையின் வெட்டுமுகத்தில் இதற்கு நேர்மாறாக நடுவில்தான் கரும்பழுப்பாக வைரம் பாய்ந்திருந்தது. வெளிப்பக்கம் வன்மை உடையது புல், உட்பக்கம் வன்மை உடையது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரிப்பதைப் பள்ளி நாளில் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். 'புறக்காழ்', 'அகக்காழ்' என்ற சொற்களுக்கு உருவம் கிடைத்தது அன்றுதான். அந்தக் கணக்கில் தென்னை, பனை, மூங்கில் எல்லாம் புல். மடல், ஓலை, ஈர்க்கு, பாளை என்ற சொற்கள் புல்லுக்கு உரியவை, தளிரும் கிளையும் மரத்துக்கு உரியவை என்று மரபியல் மேலும் பிரித்துச் செல்வதைப் பார்த்தால், நாம் இன்றும் தென்னை ஓலை என்கிறோமே தவிர, தென்னை இலை என்று சொல்வதில்லை என்பது நினைவுக்கு வருகிறது. தாவரவியலார் தென்னையையும் மூங்கிலையும் அரிசியையும் ஒருவித்திலை என்ற ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதை மகளிடம் சொன்னபோது, 'அப்ப தேங்கா புல்லுல காய்க்குதா?' என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தாள்.

அதே மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. தொடுவுணர்வு மட்டும் உள்ளவை ஓரறிவு, அதனோடு சுவை சேர்ந்தால் ஈரறிவு, மூக்கு சேர்ந்தால் மூவறிவு, கண்ணும் செவியும் மனமுமாக ஆறுவரை. இது முற்றிலும் வேறு கேள்வி. உடலமைப்பைக் கேட்காமல், உலகத்தை எத்தனை வாயில்களால் அறிகிறது என்று கேட்கிறது. கறையானும் எறும்பும் அதில் மூவறிவு உடையவை, அதாவது கண் இல்லாதவை. சரிபார்க்கலாம் என்று மகள் கிளம்பினாள். பூங்காவில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு ஒன்றை, மலாயில் கெரெங்கா என்பார்களே அதை, பூதக்கண்ணாடியில் பார்த்தோம். தலையின் இருபுறமும் கறுப்பாக இரண்டு கண்கள் தெளிவாகத் தெரிந்தன. கடியும் ஒன்று வாங்கினேன். வேலைக்காரக் கறையான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண் கிடையாது என்பதால், அந்தப் பழைய வரி பாதி சரி என்று மதிப்பெண் போட்டாள். கறையானும் எறும்பும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கறையானுக்கு நெருங்கிய உறவு கரப்பான்பூச்சி என்பதை அவளிடம் சொன்னபோது முகத்தைச் சுளித்தாள்.

பெயர்கள் எவ்வளவு உதவும், எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குத் தேக்கா ஈரச்சந்தையைப் போன்ற வகுப்பறை வேறில்லை. என் அம்மாவுக்குச் சந்தையில் விற்பது எல்லாமே மீன்தான்: கணவாய் மீன், இறால் மீன், வவ்வால் மீன். இவற்றில் வவ்வால் மட்டுமே உண்மையில் மீன். மலாயிலும் அது பாவால்தான். பயிற்சித்தாளில் பறவையாகாத வௌவால் சந்தையில் மீனாகக் கிடப்பதை மகள் மிகவும் ரசித்தாள். அம்மா வழக்கம்போலச் செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தபோது, கணவாயில் எதைத் தூக்கிப் பார்ப்பீர்கள் என்று பேத்தி கேட்க, அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. சோத்தோங் என்றே அவள் அறிந்திருந்த அந்தக் கணவாயை மீன்கடை அண்ணன் கையிலெடுத்து, உள்ளிருந்து கண்ணாடி போன்ற ஒரு நீண்ட தகட்டை உருவிக் காட்டினார். யாரோ பிளாஸ்டிக்கை விழுங்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். முதுகெலும்பே இல்லாத அந்த உயிர் நத்தைக்கும் மட்டிக்கும் சொந்தம், அந்தத் தகடு அதன் முன்னோர் சுமந்த ஓட்டின் மிச்சம் என்று விளக்கினேன். தொடக்கநிலை 3 பாடத்தின் ஆறு விலங்குக் குழுக்களில் எதிலும் அதற்கு இடமில்லை. இறாலுக்கும் இல்லை, நடக்கும் கால்களை மட்டும் எண்ணினாலே பத்து வருவதால் அது பூச்சியாக முடியாது. வீட்டில் எட்டுக்கால் பூச்சி என்று சொல்லிக்கொண்டே அதைப் பூச்சிக் குழுவில் சேர்க்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பெயரின் முதல் பாதி உண்மையைச் சொல்ல, இரண்டாம் பாதி அதை மறுக்கிறது.

இப்படிப் பெயரால் ஏமாறுவது குழந்தைகள் மட்டுமில்லை என்று காட்டத்தான் அவளைக் கெண்ட் ரிட்ஜில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அழைத்துச் சென்றேன். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே கடலில் இறந்து மிதந்த 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1735-இல் முதன்முதலில் வெளியிட்ட தம் பட்டியலில் திமிங்கலத்தை மீன்களோடுதான் வைத்திருந்தார். 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் அதைப் பாலூட்டிகளுக்கு மாற்றினார். பெரியவர்களும் தவறாகப் பிரித்து, பிறகு அழித்து எழுதியிருக்கிறார்கள் என்பது மகளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. துடுப்புக்குள் விரல்கள் இருப்பதை எலும்புகளில் எண்ணிப் பார்த்தாள். மீனின் வால் இடவலமாக அசையும், திமிங்கலத்தின் வால் மேலும் கீழுமாக அசையும், நாய் பாய்ந்து ஓடும்போது முதுகு வளைவது போல என்று சொன்னதும், தரையிலேயே ஒருமுறை செய்து பார்த்தாள். காவலர் ஒருவர் புன்னகைத்தபடி நகர்ந்துவிட்டார். அங்குள்ள மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளின் முன் நின்றபோது, முதலைக்கு உடும்பைவிட மைனாதான் நெருங்கிய உறவு என்ற செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பாடப்புத்தகம் பறவையையும் ஊர்வனவற்றையும் தனித்தனியே வைத்திருப்பதை இந்த வயதில் கலைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அது தவறாகவும் இருக்கலாம்.

தாவரங்களில் பூப்பவை, பூக்காதவை என்ற பிரிவு பார்ப்பதற்கு எளிது, சோதிப்பதற்குக் கடினம். பூவைக் காணவில்லை என்பதற்கும் பூக்காது என்பதற்கும் உள்ள தூரத்தைக் குழந்தை அளந்தாக வேண்டும். அத்தி பூத்தாற்போல என்று நாம் சொல்வதன் காரணம், அத்தியின் பூக்கள் காய் போன்ற அந்த உறைக்குள்ளேயே மலர்ந்து மறைவதுதான். சிராங்கூன் சாலையில் வாங்கிய உலர் அத்தியை இரண்டாக அரிந்து, உள்ளே நெருங்கிக் கிடக்கும் மணிகள் ஒவ்வொன்றும் ஒரு பூவிலிருந்து வந்தது என்று காட்டினேன். பூக்காமல் காய்க்கும் பலா என்று பழைய தனிப்பாடல் சொல்வதும் இப்படிக் கண்ணில் படாத பூவைத்தான். உண்மையிலேயே பூக்காததைக் காட்ட, தூங்குமூஞ்சி மரக்கிளைகளில் கூடை கூடையாகத் தொற்றி வளரும் பறவைக்கூட்டுப் பெரணி ஒன்று பூங்காவில் கைக்கெட்டும் உயரத்தில் அகப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பியதும், நடுநரம்பிலிருந்து சாய்ந்து ஓடும் பழுப்புக் கோடுகளைப் பார்த்து, செடிக்கு ஏதோ நோய் என்றாள். விரலால் தடவச் சொன்னேன். பழுப்புத் தூள் ஒட்டியது. அந்தத் தூள்தான் பெரணி இனம்பெருக்கும் ஸ்போர் என்ற நுண்துகள்கள், பூவும் வேண்டாம், விதையும் வேண்டாம்.

தேர்வைப் பற்றியும் அவளிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டேன். எதை வைத்துப் பிரிப்பது என்று கேள்வி சொல்லாதபோது, கேட்டவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் பாடப்புத்தகத்தின் குழுக்கள்தான். அங்கே அதையே எழுது, வீட்டில் நாம் பேசிக்கொள்வோம் என்றேன். சென்ற வெள்ளிக்கிழமை அந்தப் பழைய பயிற்சித்தாளை எடுத்து, நான்கில் ஒவ்வொன்றும் சேராததாக ஆகும்படி நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தாள். இறகு இல்லாதது எது என்றால் வௌவால். பறக்காதது எது என்றால் நெருப்புக்கோழி. வளைந்த அலகால் இரையைக் கிழிப்பது எது என்றால் பருந்து. உணவங்காடி நிலையத்தில் நம் தட்டிலிருந்து திருடுவது எது என்றால் மைனா. வழக்கமான இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். வௌவாலுக்கு முடி, பால், காது, பல் என்று நான்கு விரல்களை மடக்கினாள். பருந்துக்குக் கூரிய நகம் என்று ஒன்றை மடக்கினாள். நெருப்புக்கோழிக்கு நெடுநேரம் யோசித்து, பெரிய கால் என்றாள். மைனாவைப் பற்றி என்ன தெரிந்தது என்றதற்கு, 'தட்டை மூடி வைக்கணும்னு தெரிஞ்சுது' என்றாள்.